ரவுடி போனாலும் ‘வேலை’ போகாது: தாம்பரம் - ஒரகடம் பெல்ட்டில் கும்பல்கள் விற்பது என்ன?

2024 செப்டம்பர் 23, அதிகாலை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீலாங்கரையை அடுத்த அக்கரையில் ஒருவர் போலீஸ் என்கவுன்ட்டரில் கொல்லப்பட்டார். கிழக்கு தாம்பரத்தைச் சேர்ந்தவர். 30-க்கும் மேற்பட்ட வழக்குகள் அவர் மீது இருந்தன. ஆந்திராவில் பிடித்து சென்னைக்குக் கொண்டுவரப்பட்டிருந்தார். பதுக்கி வைத்த ஆயுதத்தை எடுக்க அழைத்துப் போனபோது அவர் சுட்டார், தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டோம் என்றது போலீஸ். அவர் பெயர் ‘சீசிங்’ ராஜா.

டிவியில் அந்தச் செய்தி ஓடியபோது பலரும் கேட்டது, “அது என்ன சீசிங்?” என்றுதான். பதில் சிம்பிள். தவணை கட்டாத வண்டிகளைத் தூக்கிக்கொண்டு வரும் வேலைக்குப் பெயர் சீசிங். அந்த வேலையில் இருந்ததால் வந்த அடைமொழி அது.

அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இந்தக் கட்டுரையின் விஷயம் இருக்கிறது. கடனை வசூலிப்பது சட்டப்படியான வேலை. ஆனால் சட்டப்படி செய்தால் நேரம் ஆகும். அந்த நேரத்தை மிச்சப்படுத்தித் தருபவருக்கு ஒரு விலை உண்டு. தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி, படப்பை, ஒரகடம் என்று நீளும் தென்புறநகரில் ரவுடி கும்பல்கள் எப்படிப் பிழைக்கின்றன என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

ஏன் இந்தப் பகுதி?

பணம் வந்த வழியைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

1990-களின் பிற்பகுதியில் மறைமலை நகரில் ஃபோர்டும் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் வந்தன. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ - நிஸான் ஆலை திறக்கப்பட்டது. 2012-ல் டைம்லர். பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகள், குடோன்கள், அதில் வேலை செய்பவர்களுக்கான வீட்டு மனைகள். ஏரிப் பாசன வயலாக இருந்த இடங்கள் சதுர அடிக் கணக்குக்கு மாறின. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. ஜிஎஸ்டி ரோட்டின் இரண்டு பக்கமும் மனை விளம்பர போர்டுகள் இன்னும் நெருக்கமாகின.

நிர்வாகம் இந்த வேகத்துக்குப் பின்னால்தான் வந்தது. செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பரில். 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் இணைத்து தாம்பரம் மாநகராட்சி உருவானது 2021 நவம்பரில். தாம்பரம் போலீஸ் கமிஷனரேட் செயல்பாட்டுக்கு வந்தது 2022 ஜனவரி 1-ல். அதற்கு முன் இந்தப் பகுதியின் காவல் நிலையங்கள் சென்னை மாநகரம், செங்கல்பட்டு மாவட்டம், காஞ்சிபுரம் மாவட்டம் என மூன்று பக்கமாகப் பிரிந்து கிடந்தன. ஒரு எல்லையில் சம்பவத்தைச் செய்துவிட்டு அடுத்த எல்லைக்குள் போய்விடுவது சுலபமாக இருந்தது.

நிலத்தின் விலை முதலில் ஏறியது. கோர்ட், ஸ்டேஷன், ரிஜிஸ்தர் ஆபீஸ் எல்லாம் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தன. அந்த இடைவெளியில்தான் கடை போட்டார்கள்.

என்னென்ன ‘சர்வீஸ்’?

முதலாவது, நிலம். சென்னையில் வேலை, கூடுவாஞ்சேரி பக்கம் ஒரு காலி மனை. நான்கு வருடமாகப் போய்ப் பார்க்கவில்லை. திடீரென்று ஒருநாள் அங்கே கம்பி வேலி, “இந்த இடம் விற்பனைக்கு அல்ல” என்று ஒரு போர்டு. கேட்டால் ஒரு பழைய பவர் பத்திரம் காட்டுவார்கள். அது போலி என்று சிவில் கோர்ட்டில் நிரூபிக்க வருடக் கணக்கில் அலைய வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும், உரிமையாளருக்கும் தெரியும். அப்போதுதான் மூன்றாவது ஆள் வருவார். “பேசி முடிச்சுக்கலாம் சார்.” இதுதான் கட்டப் பஞ்சாயத்து. சில நேரம் வேலி போட்டவர்களும் பேசி முடிக்க வருபவரும் ஒரே அணியாகவே இருப்பார்கள்.

இரண்டாவது, ஸ்கிராப். வெளியில் அதிகம் தெரியாத விஷயம் இது. ஒரு கார் ஆலையில் தினமும் இரும்புத் துண்டுகள், மரப் பெட்டிகள், அட்டைகள், பிளாஸ்டிக் எனக் கழிவு சேரும். கம்பெனி அதை ஒப்பந்ததாரருக்கு விற்கும். நான்கு பேர் விலை கேட்டால் நல்ல விலை கிடைக்கும். மற்ற மூன்று பேரையும் வராமல் பார்த்துக்கொண்டால், மிச்சமிருப்பவர் சொல்வதுதான் விலை. மார்க்கெட் விலைக்கும் அந்த விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் கும்பலின் லாபம். ஆள் சப்ளை, தண்ணீர் லாரி, மண் அடிப்பது என மற்ற ஒப்பந்தங்களுக்கும் இதே ஃபார்முலா.

மூன்றாவது, வசூல். கந்து வட்டி, மீட்டர் வட்டி, வண்டி சீசிங், இரண்டு வியாபாரிகளுக்கு நடுவே நின்றுபோன பாக்கி. கடன் கொடுத்தவருக்கு கோர்ட்டுக்குப் போகப் பொறுமை இல்லை. ‘பசங்க’ போனால் ஒரு வாரத்தில் வந்துவிடும். வசூலில் ஒரு பங்கு அவர்களுக்கு.

இவை மூன்றும் ஓடத் தொடங்கிய பிறகுதான் மாமூல். கடைக்காரர் எந்தச் சேவையும் கேட்கவில்லை என்றாலும் “கவனிச்சுக்கங்க” என்று கேட்பது.

கேக்கும் கத்தியும் எதற்கு?

2018 பிப்ரவரி 6-ம் தேதி இரவு பூந்தமல்லியை அடுத்த மலையம்பாக்கத்தில் பினு என்பவரின் பிறந்தநாள் விழாவை போலீஸ் சுற்றி வளைத்தது. ஒரே இரவில் சுமார் 70 பேர் சிக்கினார்கள். அரிவாளால் கேக் வெட்டும் காட்சி நாடு முழுக்க வைரல் ஆனது. தப்பி ஓடிய பினு சில நாட்களில் சரணடைந்தார்.

பலருக்கு அது காமெடி. ஆனால் மிரட்டித் தொழில் செய்பவருக்கு விளம்பரம் அவசியம். ஒவ்வொரு முறையும் வெட்டிக்கொண்டிருக்க முடியாது. வழக்கும் செலவும் ஏறும். பெயரைச் சொன்னாலே எதிராளி கையெழுத்து போட வேண்டும். அதற்குத்தான் பேனர், பைக் ஊர்வலம், கேக், இப்போது ரீல்ஸ். ‘மாஸ்’ என்று லைக் போடும் பதினெட்டு வயதுப் பையன் அந்த விளம்பரத்தின் பார்வையாளர் மட்டுமல்ல, அடுத்து சேரப் போகும் ஆளும் அவன்தான். வழக்கு வந்தால் முதலில் சரணடைய அனுப்பப்படுவதும் அவனைப் போன்றவர்கள்தான்.

ஸ்கிராப்பில் இருந்து அரசியலுக்கு

தாம்பரத்தில் இருந்து முடிச்சூர் வழியாக மேற்கே போனால் படப்பை, அடுத்து ஒரகடம். 2022 ஜனவரியில் இந்தப் பெயர் தினமும் செய்தியில் அடிபட்டது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதித் தொழிற்சாலைகளை மிரட்டிப் பணம் பறிக்கிறார் என்று போலீஸ் குற்றம்சாட்டிய படப்பை குணாவைப் பிடிக்க, என்கவுன்ட்டர்களால் அறியப்பட்ட வெள்ளத்துரையைச் சிறப்பு அதிகாரியாக நியமித்தார்கள். அந்த மாதக் கடைசியிலேயே குணா சைதாப்பேட்டை நீதிமன்றத்தில் சரணடைந்தார்.

2023 ஏப்ரல் 27-ம் தேதி, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வளர்புரம் ஊராட்சித் தலைவரும் பாஜக நிர்வாகியுமான பிபிஜிடி சங்கர் நசரத்பேட்டையில் வெட்டிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் 1-ம் தேதி அதிகாலை, கூடுவாஞ்சேரியை அடுத்த காரணைப்புதுச்சேரியில் சோட்டா வினோத், ரமேஷ் என்ற இருவர் என்கவுன்ட்டரில் கொல்லப்பட்டனர். வாகனச் சோதனையில் எஸ்.ஐ.யை அரிவாளால் வெட்டியதால் சுட்டோம் என்றது போலீஸ்.

ஊராட்சிப் பதவிக்கும் இந்தத் தொழிலுக்கும் என்ன சம்பந்தம்? தொழிற்சாலை நிறைந்த ஊரில் ஊராட்சித் தலைவர் பதவி சின்னப் பதவி அல்ல. கட்டட அனுமதி, தண்ணீர், சாலை, உள்ளூர் வேலைவாய்ப்பு என்று கம்பெனி ஒவ்வொன்றுக்கும் அந்த அலுவலகத்தின் வாசலுக்கு வர வேண்டியிருக்கும். அதனால்தான் கட்சிக் கொடி எந்த நிறமாக இருந்தாலும், இந்தப் பகுதியின் உள்ளாட்சித் தேர்தல்களில் இவ்வளவு பதற்றம்.

கடல் கடந்த ‘கம்பெனி’

உள்ளூரில் கை ஓங்கியதும் அடுத்த கட்டம் வெளிநாடு. இதற்கு இங்கே இருக்கும் பெரிய உதாரணம் காஞ்சிபுரம் ஸ்ரீதர்.

சாராயக் காலத்தில் தொடங்கியவர் ஸ்ரீதர் தனபாலன். பிறகு நிலத்துக்கு மாறினார். காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் சுற்றுவட்டாரத்தில் மிரட்டி நிலங்களை எழுதி வாங்கினார், பட்டு வியாபாரிகளிடம் பணம் பறித்தார் என்பவை அவர் மீதான குற்றச்சாட்டுகள். போலீஸ் நெருக்கியதும் துபாய்க்குப் போனார். அங்கிருந்து இணைய வழி அழைப்பில் பேசினால் போதும்; இங்கே ஆட்கள் வேலையை முடித்தார்கள். தேடப்படும் குற்றவாளியாக அறிவித்தார்கள், இன்டர்போல் நோட்டீஸ் போட்டார்கள், அமலாக்கத் துறை சொத்துகளை முடக்கியது. 2017 அக்டோபர் 4-ம் தேதி கம்போடியாவின் புனோம்பென் நகரில் அவர் இறந்தார். விஷம் குடித்தார் என்று தகவல் வந்தது.

தலைவர் இறந்தார், கும்பல் கலைந்ததா? இல்லை. அவரிடம் இருந்தவர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து, அந்த இடத்துக்காக ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். காஞ்சிபுரத்தில் அடுத்த சில ஆண்டுகள் கொலைச் செய்திகள் தொடர்ந்தன.

எதிர்த் திசையிலும் இது நடக்கிறது. இலங்கை பாதாள உலகத்தின் முக்கியப் புள்ளியான அங்கொட லொக்கா, வேறு பெயரில் கோயம்புத்தூரில் வசித்து, 2020 ஜூலையில் அங்கேயே இறந்தார். மதுரையில் உடல் எரிக்கப்பட்ட பிறகுதான் அவர் யார் என்பதே வெளியே வந்தது. 2024 ஜூலை 5-ல் பெரம்பூரில் பகுஜன் சமாஜ் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் கொல்லப்பட்ட வழக்கின் குற்றப்பத்திரிகையிலும், முக்கியக் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்ட சம்போ செந்தில் தலைமறைவு என்றே போலீஸ் சொன்னது.

வெளிநாட்டில் இருக்கும் தலைவருக்கு இரண்டு லாபம். கைது பயம் குறைவு. எதிரியின் அரிவாளும் எட்டாது. நிலமும் ஸ்கிராப்பும் மட்டும் இங்கேயே இருக்கின்றன. எனவே உள்ளூரில் ஆட்கள் தேவை. அடியும் சிறையும் அவர்களுக்கு.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் முதல் ஆயுதம் குண்டர் சட்டம். 1982-ம் ஆண்டின் 14-வது சட்டம். விசாரணை இல்லாமலே அதிகபட்சம் 12 மாதம் தடுப்புக் காவலில் வைக்கலாம். நாட்டிலேயே தடுப்புக் காவலை அதிகம் பயன்படுத்தும் மாநிலங்களில் தமிழ்நாடு தொடர்ந்து முன்வரிசையில் இருக்கிறது. ஆனால் ஆவணம் கொடுப்பதில் தாமதம், மனுவைப் பரிசீலிப்பதில் தாமதம் போன்ற காரணங்களால் பல உத்தரவுகள் ஹைகோர்ட்டில் ரத்தாகின்றன. நிற்கும் உத்தரவும் ஒரு வருடத்தில் முடியும். அது தண்டனை அல்ல, ஒரு இடைவேளை.

இரண்டாவது, ரெய்டு. 2021 செப்டம்பரில் மாநிலம் முழுக்க நடந்த அதிரடி வேட்டையில் இரண்டு, மூன்று நாட்களில் 3,000-க்கும் மேற்பட்டவர்கள் பிடிபட்டார்கள். தலைப்புச் செய்தி பெரிதாக இருக்கும். ஜாமீன் செய்தி எங்கும் வராது.

மூன்றாவது, என்கவுன்ட்டர். ஒவ்வொரு என்கவுன்ட்டர் மரணத்திலும் எஃப்ஐஆர், சுதந்திரமான விசாரணை, மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம் என்று சுப்ரீம் கோர்ட் 16 வழிகாட்டுதல்களைத் தந்தது 2014 செப்டம்பர் 23-ல். சரியாகப் பத்து வருடம் கழித்து அதே தேதியில்தான் அக்கரை சம்பவம். என்கவுன்ட்டரில் இன்னொரு நஷ்டமும் உண்டு. யாருக்காக நிலம் எழுதி வாங்கினார், எந்த அதிகாரி உதவினார், பணம் எங்கே போனது என்று சொல்லக்கூடிய ஆளும் அதோடு போய்விடுகிறார்.

நான்காவதாக ஒரு வழி இப்போது வந்திருக்கிறது. மகாராஷ்டிரம் 1999-லேயே திட்டமிட்ட குற்றங்களுக்குத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அப்படி ஒன்று இல்லை. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 111-வது பிரிவு அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. மிரட்டிப் பணம் பறித்தல், நில அபகரிப்பு, கூலிக் கொலை போன்றவற்றைக் கும்பலாகத் தொடர்ந்து செய்தால் அது தனிக் குற்றம். உயிர்ப்பலி ஏற்பட்டால் மரண தண்டனை அல்லது ஆயுள். மற்றவற்றுக்குக் குறைந்தது 5 ஆண்டு. கும்பலின் பணத்தில் சேர்த்த சொத்தை வைத்திருப்பதும் குற்றம். ஆனால் ஒரு நிபந்தனை: கடந்த 10 ஆண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகைகள் தாக்கலாகி, கோர்ட் அவற்றை விசாரணைக்கு ஏற்றிருக்க வேண்டும். அதாவது, சாதாரண வழக்குகளை ஒழுங்காக நடத்தி குற்றப்பத்திரிகை போட்டால்தான் இந்தப் பெரிய பிரிவு பயன்படும். அதற்கு சாட்சி வேண்டும். சாட்சி சொல்ல ஆள் வேண்டும்.

மற்ற நாடுகளில் எப்படி?

இது நம்ம ஊர் வியாதி மட்டும் அல்ல. கிரீஸின் ஏதென்ஸில் இரவு விடுதிகளிடம் ‘பாதுகாப்பு’க் கட்டணம் வசூலிக்கும் கும்பல்களுக்குள் பல ஆண்டுகளாகக் கொலைகள் நடக்கின்றன. 2021 ஏப்ரல் 9-ல் யோர்கோஸ் கராய்வாஸ் என்ற கிரைம் ரிப்போர்ட்டர் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இத்தாலியின் பலெர்மோ நகரில் 1991-ல் லிபெரோ கிராஸி என்ற தொழிலதிபர், மாஃபியாவுக்கு மாமூல் தர மாட்டேன் என்று பத்திரிகையில் பகிரங்கமாக எழுதினார். மற்ற முதலாளிகள் கூட நிற்கவில்லை. ஆகஸ்ட் மாதம் அவரைக் கொன்றார்கள். 2004-ல் அதே நகரில் இளைஞர்கள் சிலர் இரவோடு இரவாக, மாமூல் கொடுப்பது அவமானம் என்ற பொருளில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அதிலிருந்து ‘அடியோபிட்ஸோ’ என்ற இயக்கம் பிறந்தது. மாமூல் தராத கடைகளின் பட்டியலை வெளியிட்டு, மக்களை அங்கேயே வாங்கச் சொன்னார்கள். நூற்றுக்கணக்கான கடைகள் சேர்ந்தன. தனி ஆளாக மறுத்தவர் செத்தார். கூட்டமாக மறுத்தபோது கும்பலுக்குக் கணக்கு இடித்தது. எத்தனை பேரை மிரட்டுவது, எத்தனை வழக்கைச் சந்திப்பது?

உங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

தென்புறநகரில் இஎம்ஐயில் மனை வாங்கியவர், கடை வைத்திருப்பவர், பைக் லோன் கட்டுபவர் எல்லோருக்கும் சம்பந்தம் இருக்கிறது.

நிலம் வைத்திருப்பவர்: பத்திரப்பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழை அவ்வப்போது பாருங்கள். நீங்கள் விற்காத மனைக்குப் புதிய பதிவு தெரிந்தால் உடனே புகார் செய்யுங்கள். பட்டா உங்கள் பெயருக்கு மாறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். காலி மனைக்கு வேலி போட்டு, நேரில் போய் வருவது முக்கியம். பவர் பத்திரத்தின் பேரில் வாங்குகிறீர்கள் என்றால், அது இன்னும் ரத்தாகாமல் இருக்கிறதா, கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா என்பதை உறுதி செய்யாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கடன் வாங்கியவர்: வங்கிகள் கடனை வசூலிக்க குண்டர்களை ஏவக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2007-லேயே சொல்லிவிட்டது. வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீறினால் வங்கியிடம் எழுத்தில் புகார். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேன். கந்து வட்டி, மீட்டர் வட்டி என்றால் 2003-ம் ஆண்டுச் சட்டத்தின்படி கடன் கொடுத்தவர் மீதே வழக்கு போடலாம்.

மிரட்டப்படுபவர்: பணம் பறித்தலுக்கு இப்போது 7 ஆண்டு வரை தண்டனை. எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம். “இது எங்க லிமிட் இல்லை” என்று திருப்பி அனுப்பக் கூடாது. ஆன்லைனில் புகார் கொடுத்தால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்து போட வேண்டும். போன் அழைப்பு, மெசேஜ், சிசிடிவி பதிவு எதையும் அழிக்காதீர்கள். முடிந்தால் வியாபாரிகள் சங்கத்தோடு சேர்ந்து போங்கள்.

கடைசியாக ஒன்று. இந்தத் தொழில் நிற்பது மிரட்டுபவரால் மட்டும் அல்ல. வாடகைக்காரரைக் காலி செய்ய, பங்காளியிடம் பாகம் பிரிக்க, பாக்கியை வசூலிக்க “நமக்குத் தெரிஞ்ச பசங்க இருக்காங்க” என்று போன் போடும் படித்த, நல்ல வேலையில் இருக்கும் வாடிக்கையாளர்களாலும்தான். ஒருமுறை அழைத்தவருக்கு அவர்கள் எப்போதும் ‘தெரிஞ்ச பசங்க’தான். அடுத்த முறை அவர்களே போன் செய்வார்கள்.

கோர்ட்டில் நில வழக்கு சீக்கிரம் முடிந்தால், ஸ்கிராப் டெண்டரில் நான்கு பேர் பயமில்லாமல் விலை கேட்க முடிந்தால், ஸ்டேஷனில் புகாருக்கு அன்றே ரசீது கிடைத்தால், இந்தக் கும்பல்களிடம் விற்க எதுவும் மிச்சமிருக்காது. அதுவரை ஒரு ராஜா போனால், அந்த நாற்காலிக்கு அடுத்த ஆள் வரிசையில் நிற்பார்.